ஆறு அட்டையும் அடங்காத தீவுகளும்

தீபாவளிக்கு முந்தின வாரம் 2,150 ரூபாய்க்கு ஒரு ஸ்டாம்ப் ஆல்பம் வாங்கினேன். கூரியருக்குத் தனியாக 120. எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை, அடுத்து வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்றுதான். "193 நாடுகளுக்கும் தனிப் பக்கம், கண்டவாரியாக" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். 'கண்டவாரியாக' என்ற அந்த ஒரு சொல்லில் மயங்கித்தான் வாங்கினேன். மூன்று மாதமாக என் உயிரை வாங்குவதும் அதே சொல்தான்.

ஸ்டாம்புகள் என்னுடையவை இல்லை, அப்பாவுடையவை. தூத்துக்குடியில் ஒரு தோணி முதலாளியிடம் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற ஓடம் இல்லை. நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும் மரக்கப்பல். வெங்காயம், காய்கறி, ஜல்லி, செங்கல் என்று போகும். அலுவலகத்துக்கு வரும் உறைகளிலிருந்து ஸ்டாம்பை வெட்டி எடுப்பார். வெளிநாட்டுக் கப்பலில் வேலை பார்த்த தெருப் பையன்களும் லீவுக்கு வரும்போது இவருக்கென்று நாலைந்து கொண்டுவந்து தருவார்கள். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னிலும் பழைய டைரிகளிலும் கிடந்தன. அப்பா போன பிறகு டின் என்னிடம் வந்தது. எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் தீவுகள். துறைமுகத்து ஆள் சேர்த்தது வேறு எப்படி இருக்கும்?

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வளையம் வைத்த பைண்டர். தாள் நல்ல கனம், கையில் எடுத்தால் வளையாது. எழுத்து பின்பக்கம் தெரியவில்லை. கட்டங்கள் கறுப்புக் கோட்டில் தெளிவாக இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்திருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு நன்றி. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும். பசை போகாத ஸ்டாம்பு எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் அதோடு கதை முடிந்தது. செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வளையம்தான் மட்டம். இரண்டாம் மாதமே பழுப்பேறிவிட்டது. உப்புக்காற்று ஊர்களில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு வளையமா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்டாம்பைப் பக்கத்தில் ஒட்ட இனாமாகக் கொடுத்த ஆயிரம் ஹிஞ்சில் (பசை தடவிய சின்னத் தாள் துண்டு) பாதி நாக்கில் வைத்தாலும் ஒட்டவில்லை. பின்னட்டையில் ஒரு பை தைத்திருக்கிறார்கள். அது நல்ல யோசனை, கடைசியில் அதற்கு வருகிறேன்.

சரி, கண்டத்துக்கு வருவோம். ஆறு வண்ணத்தில் ஆறு பிரிப்பு அட்டைகள்: ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா. ஒவ்வொரு நாட்டுப் பக்கத்தின் தலையிலும் நாட்டின் பெயர், அதற்கு மேலே கண்டத்தின் பெயர், இரண்டும் அச்சாகியிருக்கின்றன. அச்சாகியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தொல்லை அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் தம்பி மகன் செல்வா உதவிக்கு வருவான். பதினோரு வயது. முதல் நாளே ஆல்பத்தின் உள்ளட்டையில் அச்சடித்திருந்த உலக வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை, நியூசிலாந்து எங்க?" என்றான். நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். ஆஸ்திரேலியா இருக்கிறது, அதற்கு வலப்பக்கம் வெறும் நீலம். அப்புறம்தான் தெரிந்தது, இது உலகம் முழுக்க நடக்கிற கூத்தாம். கடை விளம்பரம், டீ சட்டை, பொம்மை என்று வரைபடம் போடுகிற எல்லா இடத்திலும் நியூசிலாந்தை விட்டுவிடுகிறார்களாம். 2018-ல் அந்த நாட்டுச் சுற்றுலாத் துறை இதை வைத்தே ஒரு நகைச்சுவை வீடியோ எடுத்தது. அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னே அதில் நடித்தார். இத்தனைக்கும் அந்தத் தீவுகளுக்குக் கீழே ஒரு கண்டமே மூழ்கிக் கிடக்கிறது என்று நிலவியல்காரர்கள் சொல்கிறார்கள். ஜீலாந்தியா என்று பெயர். பரப்பு சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர், அதில் 94 சதவீதம் கடலுக்கடியில். 2017-ல் அதைத் தனிக் கண்டமாகவே எண்ண வேண்டும் என்று கட்டுரை வெளியிட்டார்கள். ஆல்பக்காரர்களோ மேலே இருக்கிற ஆறு சதவீதத்தையும் சேர்த்து முக்கிவிட்டார்கள்.

193 பக்கம் என்றார்களே, அதையும் எண்ணினோம். 192. எது விட்டுப்போனது என்று கண்டுபிடிக்கச் செல்வாவுக்கு இரண்டு ஞாயிறு ஆனது: நவ்ரு. 21 சதுர கிலோமீட்டர், உலகத்திலேயே மிகச் சிறிய தீவுக் குடியரசு. நம்மிடம் அதன் ஸ்டாம்பு மூன்று இருக்கிறது, பக்கம்தான் இல்லை. ஈமெயில் அனுப்பினேன். "அடுத்த பதிப்பில் சேர்ப்போம்" என்று பதில் வந்தது. நவ்ரு 1999-லிருந்து ஐ.நா. உறுப்பு நாடு, எத்தனை பதிப்புக்குத்தான் காத்திருக்கும்?

'ஆஸ்திரேலியா' என்ற அட்டைதான் எனக்கு அதிகம் உறுத்துவது. பசிபிக்கில் இருக்கிற ஃபிஜி, சமோவா, டோங்கா, கிரிபாத்தி எல்லாவற்றையும் தூக்கி அந்த அட்டைக்குள் போட்டிருக்கிறார்கள். ஓசியானியா என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைப் போட என்ன கேடு? ஐ.நா. புள்ளிவிவரத் துறையே உலகத்தை ஆப்பிரிக்கா, அமெரிக்காக்கள், ஆசியா, ஐரோப்பா, ஓசியானியா என்றுதான் பிரித்திருக்கிறது. கூடவே, இது கணக்கு வசதிக்காக மட்டும், எந்த நாட்டின் அரசியல் சார்பையும் இது குறிக்காது என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறது. எனக்கு அந்தக் குறிப்பு மிகவும் பிடித்தது. அப்பா பேரேட்டில் 'இதர வகை' என்று ஒரு பத்தி வைத்திருப்பார். அதுபோலத்தான், வேலை நடக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு.

கிரிபாத்தி என்று எழுதினேன், ஆனால் அந்த ஊர்க்காரர்கள் சொல்வது கிரிபாஸ். அவர்கள் எழுத்தில் 'தி' வந்தால் 'ஸ்' என்று உச்சரிக்க வேண்டும். கில்பர்ட்ஸ் என்ற ஆங்கிலப் பெயர்தான் அவர்கள் வாயில் கிரிபாஸ் ஆனது. கிரிதிமாதி என்ற தீவின் பெயரைப் படித்தால் கிரிஸ்மஸ். இதைச் சொன்னதிலிருந்து செல்வா பார்க்கிற 'தி' எல்லாவற்றையும் 'ஸ்' ஆக்கிக்கொண்டு திரிகிறான். இந்த நாட்டுக்கு 33 தீவுகள். மொத்த நிலம் 811 சதுர கிலோமீட்டர், ஆனால் அவை சிதறிக் கிடக்கிற கடலோ 35 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும், 180 பாகை தீர்க்கக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் தீவு இருக்கிறது. நான்கு அரைக்கோளத்திலும் கால் வைத்திருக்கிற ஒரே நாடு. 1995 வரைக்கும் ஒரே நாட்டில் ஒரு பாதிக்கு ஞாயிறு, மறு பாதிக்குத் திங்கள். அப்புறம் தேதிக்கோட்டையே கிழக்கே வளைத்துவிட்டார்கள். தேதிக்கோடே நகர்ந்து வழிவிட்ட நாட்டுக்கு ஆல்பத்தின் அட்டை வழிவிடக் காணோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் அப்பாவின் டைரியில் இருந்தது. 'கில்பர்ட் அண்ட் எல்லிஸ் ஐலண்ட்ஸ்' என்று போட்ட ஒரு ஸ்டாம்பு, மேலே எலிசபெத் ராணி. இன்றைக்கு அந்தப் பெயரில் நாடு கிடையாது. கில்பர்ட் பாதி 1979-ல் கிரிபாத்தி ஆனது, எல்லிஸ் பாதி 1978-ல் துவாலு ஆனது. கில்பர்ட்காரர்கள் மைக்ரோனீசியர், எல்லிஸ்காரர்கள் பாலினீசியர். மொழி வேறு, சனம் வேறு, பிரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆக ஒரே ஸ்டாம்புக்கு இரண்டு நாடு, இரண்டு வட்டாரம். எதில் ஒட்டுவது? செல்வா காசு சுண்டினான். தலை விழுந்தது, துவாலு.

காசு சுண்டித் தீராத வழக்கு நியூகினி. மூன்று ஸ்டாம்பு. ஒன்றில் டச்சுக்காரர்களின் நியூகினி, சொர்க்கப் பறவையின் படம். இரண்டாவது, அதே பறவைதான், மேலே ஐ.நா.வின் தற்காலிக நிர்வாகத்தின் சுருக்கெழுத்தை முத்திரை மாதிரி அடித்திருக்கிறார்கள், 1962. மூன்றாவது இந்தோனேசிய ஸ்டாம்பு, மேலே 'இரியான் பாரத்', அதாவது மேற்கு நியூகினி. 1963 மே முதல் தேதியிலிருந்து தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவின் கையில். கிழக்குப் பாதி 1975-ல் பப்புவா நியூ கினியா என்று தனி நாடு. நடுவே பெரும்பாலும் 141 பாகைத் தீர்க்கக்கோட்டின் மேலேயே எல்லை. ஆல்பத்தில் இந்தோனேசியா ஆசியா, பப்புவா நியூ கினியா 'ஆஸ்திரேலியா'. ஒரே தீவு, ஒரே காடு, ஒரே சொர்க்கப் பறவை. மரத்தில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் ஆசியா, கிழக்கே பறந்தால் இன்னொரு கண்டம். டச்சுக்காரன் ஸ்டாம்பை ஐரோப்பாவில் ஒட்டவா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

ஒரு ஞாயிறு முழுவதையும் தின்றது சைப்ரஸ். அச்சில் 'ஆசியா - சைப்ரஸ்'. பூகோளப்படி அது சரி. துருக்கிக் கரை சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில். ஐ.நா. கணக்கிலும் மேற்கு ஆசியா, ஐ.நா. சபையில் ஆசிய பசிபிக் குழுவில்தான் இன்றும் இருக்கிறது. ஆனால் 2004-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர், 2008-லிருந்து யூரோ நாணயம், கால்பந்து ஐரோப்பாவோடு. இதெல்லாம் இருக்கட்டும், ஸ்டாம்பே என்ன சொல்கிறது பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் வருஷாவருஷம் 'யூரோப்பா' என்ற சொல்லைப் போட்டு ஸ்டாம்பு வெளியிடுகிற வழக்கம் உண்டு. சைப்ரஸ் 1960-களிலிருந்தே அந்த வரிசையில் இருக்கிறது. அப்பாவிடம் இருக்கும் நாலு சைப்ரஸ் ஸ்டாம்பில் ஒன்று அதுதான். ஸ்டாம்பு தன் நெற்றியில் ஐரோப்பா என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கிறது, அதை ஆசியா என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் ஒட்டச் சொல்கிறார்கள். "பொய் சொல்றது யாரு அத்தை?" என்றான் செல்வா. ரெண்டு பேருமே இல்லடா என்று சொன்னேன், அவனுக்கு ஏறவில்லை.

சைப்ரஸ் உறை ஒன்று முழுசாகவே இருந்தது, லிமசோல் துறைமுகத்திலிருந்து வந்தது. அதில் சாதாரண ஸ்டாம்புக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னஞ்சிறு ஸ்டாம்பு, முள்வேலி அருகே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. 1974-ல் தீவு இரண்டானபோது வீடிழந்தவர்களுக்கான நிதி அது. எல்லாக் கடிதத்திலும் கூடுதலாக ஒட்டியாக வேண்டும். அதே தீவின் வடபாதிக்குக் கடிதம் போட வேண்டுமானால் முகவரியில் 'மெர்சின் 10, துருக்கி' என்று எழுத வேண்டுமாம். உலக அஞ்சல் ஒன்றியம் அந்தப் பாதியைத் தனி நாடாக ஏற்கவில்லை. அதனால் துருக்கிக்குள் பத்தாம் எண் பேட்டை என்ற கணக்கில் போகும். அந்த உறையை நான் வெட்டவில்லை. அது ஆல்பத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்காது, பரவாயில்லை.

ஐஸ்லாந்தை ஐரோப்பாவில் போட்டிருக்கிறார்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வட அமெரிக்கப் புவித்தட்டுக்கும் யூரேசியப் புவித்தட்டுக்கும் நடுவே வகிடெடுத்த மாதிரி பிளந்து, வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கிறது, தலைநகர் ரேக்யவிக் இருப்பதே அமெரிக்கத் தட்டுப் பக்கம்தான். அந்த விலகல் என் ஆயுசுக்குள் எந்த அட்டையையும் பாதிக்காது. மால்டாவும் ஐரோப்பா, சரி. அந்தத் தீவின் மொழி அரபு வழி வந்தது, எழுத்து மட்டும் லத்தீன்.

டிரினிடாட்டுக்காக இவர்களோடு சண்டையே போடலாம். மற்றக் கரீபியன் தீவுகள் எல்லாம் வட அமெரிக்க அட்டையில். டிரினிடாட் அண்ட் டொபாகோ மட்டும் தென் அமெரிக்காவில். வெனிசுவேலாவிலிருந்து 11 கிலோமீட்டர்தான், நிலத்தின் தன்மையும் தென் அமெரிக்காதான், அதெல்லாம் உண்மை. ஆனால் அப்பாவிடம் 1958-ல் வெளியான மேற்கிந்தியக் கூட்டமைப்பு ஸ்டாம்பு இரண்டு இருக்கின்றன. ஒன்று ஜமைக்கா, ஒன்று டிரினிடாட். இரண்டிலும் ஒரே படம், கரீபியன் வரைபடம். ஐந்து வருஷம்கூட நிற்காமல் 1962-ல் கூட்டமைப்பு உடைந்தது, கிரிக்கெட் அணி மட்டும் உடையவில்லை. ஒரே அச்சில் பிறந்த இந்த இரட்டையை ஆல்பம் இரண்டு கண்டத்தில் பிரித்துப் போடச் சொல்கிறது. செல்வாவுக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்கு. "நம்ம பிராவோ டிரினிடாட் அத்தை. அவர் வெஸ்ட் இண்டீஸ். அதெப்படி தென் அமெரிக்கா?" சென்னை அணிக்கு ஆடியவர் என்பதால் பிராவோ அவனுக்கு ஏறக்குறைய உறவு. கயானா தென் அமெரிக்க நிலத்திலேயே இருந்துகொண்டு வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடுகிறது, கிளைவ் லாயிட் அந்த ஊர்தான் என்று சொல்லி அவனை மேலும் குழப்பினேன்.

இவ்வளவு ஆன பிறகுதான் ஒரு விஷயம் கையில் பட்டது. இது வளையம் போட்ட பைண்டர். பக்கத்தைக் கழற்றலாம். டிரினிடாட்டைக் கழற்றி வட அமெரிக்காவில், ஜமைக்காவுக்குப் பின்னால் மாட்டினேன். ஒரே 'க்ளிக்'. தலைப்பில் மட்டும் 'தென் அமெரிக்கா' என்று கிடக்கிறது. அதன்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினால் அசிங்கமாக இருக்கும், அப்படியே விட்டுவிட்டேன். நாட்டின் பெயரை மட்டும் அச்சடித்து, கண்டத்தை வாங்குகிறவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் இந்த ஆல்பத்தில் நான் சொல்கிற குறையில் முக்கால்வாசி இல்லாமல் போயிருக்கும். தைத்த பைண்டிங்கில் வரும் ஆல்பம் விலை குறைவு, அழகாகவும் இருக்கும். வேண்டாம். வளையம் துருப்பிடித்தாலும் வளையம்தான் வேண்டும்.

இனி எங்கள் கடல். அப்பாவின் டின்னில் மூன்றில் ஒரு பங்கு இந்தியப் பெருங்கடல்தான். ஆல்பம் அதை இரண்டாகக் கிழித்திருக்கிறது: இலங்கையும் மாலத்தீவும் ஆசியா, மொரிஷியஸ், செஷல்ஸ், மடகாஸ்கர், கொமொரோஸ் ஆப்பிரிக்கா. சட்டப்படி எல்லாம் சரி. இவை நாலும் ஆப்பிரிக்க ஒன்றியத்தில் இருக்கின்றன. அவை இரண்டும் 1985-ல் சார்க் தொடங்கியபோதே அதில் இருந்தன. உலக சுகாதார நிறுவனத்தைக் கேட்டால் இலங்கை, மாலத்தீவோடு நம்மையும் சேர்த்துத் தென்கிழக்கு ஆசியா என்பார்கள். அதாவது தூத்துக்குடியில் உட்கார்ந்திருக்கிற நானே தென்கிழக்கு ஆசியாக்காரி. இது அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

எங்கள் வீட்டில் மாலத்தீவு ஒரு கண்டத்தின் பகுதியாக இருந்ததே இல்லை. அது மாசி வருகிற இடம். சம்பலுக்கு இடிக்கிற அந்தக் கட்டைக் கருவாட்டுக்கு 'மால்தீவு மாசி' என்றுதான் பேர். தூரம் சுமார் 700 கிலோமீட்டர். மாலத்தீவின் முதல் ஸ்டாம்பு என்று தனியாக ஒன்று அச்சாகவில்லை. 1906-ல் சிலோன் ஸ்டாம்பின் மேல் 'மால்டிவ்ஸ்' என்று அடித்து வெளியிட்டார்கள். அதே 1906-ல்தான் இங்கே வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட. இந்த இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்க ஆசைப்பட்டேன். ஆல்பத்தில் கட்டங்களுக்கு வெளியே ஒரு விரல் அகலம்கூட இடம் விடவில்லை.

மொரிஷியஸ் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் இரண்டு கட்டங்கள் 1847-ல் வந்த ஒரு பென்னி சிவப்புக்கும் இரண்டு பென்ஸ் நீலத்துக்குமாம்! 'போஸ்ட் ஆபீஸ்' என்ற வாசகத்தோடு வந்த அந்த இரண்டிலும் சேர்த்து முப்பதுக்கும் குறைவாகத்தான் இன்று உலகத்தில் மிச்சம். போர்ட் லூயிஸில் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 2,150 ரூபாய் ஆல்பம் வாங்குகிற என்னிடம் அது இருக்கும் என்று நம்பிக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், மரியாதைதான். அந்தக் கட்டத்தில் செல்வா ஒரு மொரிஷியஸ் ரூபாய் நோட்டின் படத்தைச் சின்னதாக வெட்டி ஒட்டிவிட்டான். அந்த நோட்டில் தமிழிலும் தொகை எழுதியிருக்கும். 1998-ல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். அங்குள்ள தமிழர்கள் கிளம்பியதும் நோட்டையே திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் அடித்தார்கள். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையும் உண்டு. ஆப்பிரிக்கா என்ற பச்சை அட்டைக்குப் பின்னால் இதையெல்லாம் வைக்க ஒரு மாதிரி இருந்தது. தப்பு என்று சொல்ல மாட்டேன்.

செஷல்ஸின் முக்கியத் தீவுகள் எரிமலை கக்கி உண்டானவை அல்ல, கருங்கல். நமக்கும் மடகாஸ்கருக்கும் பாகப்பிரிவினை ஆனபோது நடுவில் தங்கிவிட்ட துண்டு. மடகாஸ்கர் நம்மைவிட்டுப் போய் சுமார் 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன, செஷல்ஸ் போனது சுமார் ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன். தலைநகர் விக்டோரியாவில் ஒரு நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. மடகாஸ்கரோ ஆப்பிரிக்கக் கரைக்கு 400 கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு போர்னியோத் தீவுக்கு உறவான மொழி பேசுகிறது. மலாய் மொழியில் வானத்துக்கு 'லாங்கிட்', மடகாஸ்கரில் 'லானிட்ர'. பெருங்கடலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் படகில் வந்து குடியேறியவர்கள்.

ரீயூனியன் கதை தனி. அது நாடே இல்லை, பிரான்சின் ஒரு பகுதி. அதனால் ஆல்பத்தில் பக்கமும் இல்லை. 1970-களின் நடுப்பகுதி வரை பிரெஞ்சு ஸ்டாம்பின்மேல் 'சி.எஃப்.ஏ.' (அப்போது அங்கே புழங்கிய பிராங்க் நாணயத்தின் சுருக்கப் பெயர்) என்று அடித்து அங்கே தனியாக வந்தது, அப்புறம் வெறும் பிரெஞ்சு ஸ்டாம்புதான். யூரோ நோட்டு நாணயம் புழக்கத்துக்கு வந்த 2002 ஜனவரி முதல் தேதி, நேர வித்தியாசத்தால் முதல் வியாபாரம் நடந்ததே இந்தத் தீவில்தான் என்பார்கள், ஒரு கிலோ லிச்சிப் பழம். ஐரோப்பாவின் பணத்துக்குப் போணி ஆனது மொரிஷியஸுக்குப் பக்கத்துத் தீவில். அங்கேயும் நம் ஆட்கள் வழி வந்தவர்கள் ஏராளம், மல்பார் என்று அழைக்கப்படுகிறார்கள். அப்பாவிடம் சி.எஃப்.ஏ. அடித்த ஸ்டாம்பு ஆறு. ஆல்பத்தின் யோசனைப்படி அவை ஐரோப்பா அட்டையில் பிரான்சுக்குள் போக வேண்டும்.

போகவில்லை. பொங்கல் லீவில் பழைய மாதக் காலண்டரின் பின்னட்டையை அளவாக வெட்டி, நாலு ஓட்டை போட்டு, ஏழாவது அட்டை ஒன்று செய்தோம். செல்வா நீல ஸ்கெட்ச்சில் 'இந்தியப் பெருங்கடல்' என்று எழுதினான். இலங்கை, மாலத்தீவு, மொரிஷியஸ், செஷல்ஸ், மடகாஸ்கர், கொமொரோஸ் பக்கங்களைக் கழற்றி இதற்குப் பின்னால் மாட்டினோம். ரீயூனியனுக்கு வெள்ளைத் தாளில் பென்சில் கட்டம். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. கடைசி நாலு நாடும் ரீயூனியனுக்காக பிரான்சும் சேர்ந்து இந்தியப் பெருங்கடல் ஆணையம் என்று 1980-களிலிருந்தே நடத்துகிறார்கள். நான் இலங்கையையும் மாலத்தீவையும் கூடச் சேர்த்தேன், அவ்வளவுதான். அப்பாவின் கணக்குப் பேரேட்டிலும் அவை பக்கம் பக்கமாகத்தான் இருந்தன.

வாங்கலாமா என்று கேட்டால்: தாளுக்கும் கட்டத்துக்கும் நாலு நட்சத்திரம், வளையத்துக்கும் ஹிஞ்சுக்கும் இரண்டு, பூகோளத்துக்கு ஒன்றரை. குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கண்டிப்பாக வாங்கலாம், ஆனால் உள்ளட்டை வரைபடத்தில் நியூசிலாந்தைப் பேனாவால் வரைந்து கொடுத்துவிடுங்கள். வெறும் நாட்டு அகரவரிசையில் வரும் ஆல்பமும் கிடைக்கிறது, 300 ரூபாய் குறைவு. தீவு ஸ்டாம்பு அதிகம் வைத்திருப்பவர்களுக்கு அதுவே மேல்.

பின்னட்டைப் பையில் இப்போது ஒரே ஒரு பட்டர் பேப்பர் கவர் இருக்கிறது. உள்ளே ஒரு ஸ்டாம்பு. செஷல்ஸ் ஸ்டாம்பின் மேல் 'பி.ஐ.ஓ.டி.' என்று அடித்து 1968-ல் வந்தது. பிரிட்டனின் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்பதன் சுருக்கம். 1965-ல் மொரிஷியஸிலிருந்து சாகோஸ் தீவுகளையும் செஷல்ஸிலிருந்து மூன்று தீவுகளையும் வெட்டியெடுத்து உண்டாக்கிய பிரதேசம். செஷல்ஸின் மூன்றும் 1976-ல் திரும்பிவிட்டன. சாகோஸில் இருந்த சனத்தை 1973-க்குள் முழுக்க வெளியேற்றினார்கள். 2025 மே மாதம் அந்தத் தீவுகளை மொரிஷியஸிடம் ஒப்படைக்க பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. ஏழாவது அட்டைக்குப் பின்னால் அதற்கு இடம் இருக்கிறது, மொரிஷியஸ் பக்கத்திலா செஷல்ஸ் பக்கத்திலா என்று செல்வா கேட்டான். இந்த முறை காசு சுண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.